மகமையும் மானியமும்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை எட்டு இரும்புக் கால்கள். வைக்கோல் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய இரண்டு கட்டில்கள், நோர்வூட் கடைவீதியின் நடுவில், தலைகீழாக, தூறலில் நனைந்துகொண்டிருந்தன. லாரிக்காரன் இறக்கிவிட்டுப் போயிருந்தான். பக்கத்தில் ஆணி அடித்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் எனாமல் தட்டுகளும், கத்தரிக்கோல்களை வேக வைக்கும் மூடி போட்ட பாத்திரமும், குழந்தையை நிறுக்கும் தராசும் இருந்தன என்று பிறகு திறந்தபோது தெரிந்தது.

அரிசிக்கடை முதலாளி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கடைவீதி வியாபாரிகள் சேர்ந்து நடத்திய எங்கள் தரும சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நான் காரியதரிசி.

"என்ன தம்பி இது? செத்த மாடு மாதிரி காலத் தூக்கிக்கிட்டுக் கெடக்கு."

"கட்டிலுங்க முதலாளி. கொழும்பு நிதியிலேருந்து அனுப்பியிருக்காங்க."

"கட்டிலு சரி. அதப் போடுறதுக்கு வீடு?"

"வீட்டுக்கு வேற எடத்துல எழுதியிருக்கோம்."

"நர்ஸம்மாவுக்குச் சம்பளம்?"

"அதுக்கும் வேற எடத்துலதாங்க கேக்கணும்."

"எல்லாத்துக்கும் வேற வேற எடமா? ஒரே எடத்துல கேட்டுத் தொலைக்கப்படாதா?"

நாட்டாமிகள் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கட்டில்களை அரிசிக் கிடங்கின் மச்சில் ஏற்றினோம். கடைவீதியில் மூட்டை தூக்குகிறவர்களை அங்கே அப்படித்தான் அழைப்போம். ஏற்றிக்கொண்டிருக்கும்போது நர்ஸம்மா குடையோடு வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்ட மருத்துவிச்சி, நாற்பதை நெருங்கிய விதவை.

"நடு றோட்டிலை கட்டிலைப் போட்டிருக்கிறியள். இனி நான் றோட்டிலைதான் பிள்ளை எடுக்கோணுமோ?" என்றார்.

நாட்டாமிகள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

அப்போது நான் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு அட்டன் பகுதிச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். அச்சில் வந்த அங்குலத்துக்குக் கூலி. அது சாப்பாட்டுக்குப் போதாததால் பகலில் என் தட்டச்சு இயந்திரத்தில் அரிசிக்கடைக்கு ஆங்கிலக் கடிதங்கள் அடித்துக் கொடுத்தேன். சங்கத்துக்குக் காரியதரிசி ஆனதும் அந்தக் காரணத்தால்தான். தட்டச்சு இயந்திரம் வைத்திருந்த இன்னொருவர் தபாற்கந்தோர்க்காரர். அவர் அரசாங்க ஊழியர் என்பதால் சேர முடியாது.

முப்பதுகளின் முதற்பாதி அது. தேயிலை விலை விழுந்து இலங்கை மலைநாட்டுத் தோட்டங்கள் ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப்பதிவில் பேர் வெட்டப்பட்டவர்கள், லயம் என்ற வரிசை வீட்டை விட்டு வெளியேற வேண்டும். சிலர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். போக வழியில்லாதவர்கள் கடைவீதிக்குப் பின்னால் ஆற்றோரத்தில் தகரமும் சாக்கும் கொண்டு குடிசை போட்டார்கள். ஆண்கள் மூட்டை தூக்கினார்கள், ரோட்டு வேலைக்குப் போனார்கள். பெண்களுக்கு உடம்புக்கு வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கிடையாது. செக்ரோலில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் அது. பிள்ளைப்பேற்றுக்கும் அதே விதி. புடவைக்கடையின் பின்புறம் இருந்த ஓர் அறையைச் சுண்ணாம்படித்து நர்ஸம்மாவை நாங்கள் அழைத்து வந்தது இவர்களுக்காகத்தான்.

அந்த அறையில் தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, வெந்நீர் காய்ச்சி, துணி அலசிப் போட ஒரு பெண் இருந்தாள். அவள் புருஷன் எங்கள் நாட்டாமிகளில் ஒருவன். இருவரும் பேர் வெட்டப்பட்டு வந்தவர்கள். தோட்டத்தில் இருந்தபோது இரண்டு பிள்ளைகள் பிறக்கும்போதே போய்விட்டன. அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும்.

சங்கத்தின் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மகமை என்பது எங்கள் வியாபாரிகள் இந்தியாவிலிருந்து கூடவே கொண்டுவந்த வழக்கம். கடைவீதிக்குள் வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை பொது உண்டியலில் விழ வேண்டும். அரிசிக்கு ஒரு வீதம், சீனிக்கு ஒரு வீதம், கருவாட்டுச் சிப்பத்துக்கு ஒரு வீதம். கோயில் விளக்கு, அன்னதானம், கேட்பாரில்லாத பிணம் எடுப்பது, எல்லாம் அதிலிருந்துதான் நடந்தன. நர்ஸம்மாவின் சம்பளமும் அப்படியே. மகமைப் பணத்தை எதற்குச் செலவு செய்தாய் என்று வெளியார் யாரும் கேட்க முடியாது. அது அதன் பலம். அதன் பலவீனம், தோட்டத்தில் ஆள் குறைந்தால் அரிசி மூட்டை குறையும். மூட்டை குறைந்தால் மகமை குறையும். கேட்டு வருகிறவர்கள் பெருகிய அதே மாதங்களில் உண்டியல் இளைத்தது. நர்ஸம்மாவுக்கு முக்கால் சம்பளம், பிறகு அரைச் சம்பளம் என்று ஆயிற்று.

ஆகவே நான் வெளியே எழுதத் தொடங்கினேன். மானியம் என்பதை அதுவரை ஒரே பொருளாகத்தான் நினைத்திருந்தேன். கேட்டால் கொடுப்பார்கள், அல்லது கொடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு மானியமும் தனித்தனிச் சுபாவம் உள்ளது என்பது ஒன்றொன்றாக வந்து சேர்ந்தபோதுதான் புரிந்தது.

கட்டில் அனுப்பிய நிதி கொழும்புச் சீமாட்டிகள் சிலர் நடத்தியது. அது பொருளாக மட்டும் கொடுக்கும். ஒருமுறை கொழும்பு போனபோது அதன் காரியதரிசி அம்மாளைப் பார்த்து, கட்டிலுக்குப் பதில் ஆறு மாதச் சம்பளம் தரலாமே என்று கேட்டேன். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பொறுமையாக விளக்கினார். கட்டில் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்துகிற நாளில் கெட்ட பெயர் வரும். கட்டிலின் தலைமாட்டில் நிதியின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. சம்பளத்தில் தகடு அடிக்க முடியாது. இதை அவர் சொல்லவில்லை.

அரசாங்கத்தில் மூன்று வகை இருந்தன. கட்டட மானியம் கல்லுக்கும் மரத்துக்கும் கூலிக்கும் மட்டும். முன்பணம் இல்லை, கட்டின அளவைக் கட்டட மேற்பார்வையாளரான ஓவசியர் வந்து அளந்தபின் தவணை தவணையாக வரும். இரண்டாவது, பிறக்கும் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஆண்டு முடிவில் வருவது. அதற்குப் பதிவு பெற்ற மருத்துவிச்சி வேண்டும், ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டடம் வேண்டும். புடவைக்கடைப் பின்னறையை ஏற்றுக்கொள்ள முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்றாவதுதான் எங்களுக்கு வேண்டியது. சம்பளத்துக்கு ஊரார் விரும்பிக் கொடுக்கும் நன்கொடை எவ்வளவோ, அதற்குச் சமமாக அரசாங்கமும் போடும். மகமை அரைச் சம்பளத்துக்கு வந்துகொண்டிருந்தது. அரசாங்கம் மற்ற அரையைப் போட்டால் முழுச் சம்பளம். முதலாளிக்குச் சொன்னபோது அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"இது ஏவாரம். பாதி நீ, பாதி நான். வெள்ளக்காரன் இப்பத்தான் நம்ம வழிக்கு வந்திருக்கான்."

கட்டட மானியம் முதலில் கிடைத்தது. ஆற்றுக்கு மேலே முதலாளி கொடுத்த நிலத்தில் அத்திவாரம் வெட்டினார்கள். அந்தச் சமயத்தில் தண்ணீர் எடுக்கும் பெண் மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். ஆறாம் மாதம் அளவில் நர்ஸம்மா அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"பிள்ளை குறுக்கை கிடக்குது. முந்தின ரெண்டும் உப்பிடித்தான் போயிருக்கோணும். இப்ப பயமில்லை, பிள்ளை சின்னன். கடைசி ரெண்டு மாசமும் நான் கிழமைக்குக் கிழமை பாத்துத் திருப்பி வைப்பன். நோவு எடுத்தாப் பிறகு திருப்ப ஒருத்தராலையும் ஏலாது."

"அதுவரைக்கும் நீங்க இருக்கணும்."

"அதுதான் சொல்லுறன். அரைச் சம்பளத்திலை நான் எத்தினை மாசம் இருக்கிறது? ஊரிலை எனக்கு ரெண்டு பெட்டையள் படிக்குதுகள்."

அவர் அந்தப் பெண்ணிடமும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவள் வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, நர்ஸம்மா இருப்பாங்களா?"

"ஒரு தொரை வரப்போறாரு. அவரு எழுதிட்டா இருப்பாங்க."

"நல்ல தொரையா?"

"தெரியாது."

அவள் சிரித்தாள். "தொரைமாருல அது எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சம்பள மானியத்துக்கு விசாரிக்க வந்த அதிகாரி வெள்ளைக்காரர் அல்ல. கீழ்நாட்டுச் சிங்களவர், முப்பத்தைந்து வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். முற்பகல் பதினொரு மணிக்குச் சிறிய காரில் வந்து இறங்கினார். வியாபாரிகள் எல்லாரும் கோயிலுக்கு வருவதுபோல் சலவை வேட்டியும் கோட்டும் அணிந்து அரிசிக்கடையில் கூடியிருந்தார்கள். சோடா, வாழைப்பழம், எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. அவர் பின்னறையைப் பார்த்தார். நர்ஸம்மாவின் பதிவுச் சான்றிதழைப் பார்த்தார். பிறந்த குழந்தைகள் இரண்டைத் தாய்மார் தூக்கிக் காட்டினார்கள். எல்லாம் திருப்தியாகவே போயிற்று.

பிறகு கடையில் உட்கார்ந்து, என்னை விட்டுவிட்டு, முதலாளியிடம் நேராகச் சிங்களத்தில் கேட்டார். கடைவீதிக்காரர்கள் எல்லாருக்கும் சிங்களம் தெரியும். இந்தப் பணத்தை வியாபாரிகள் தாங்களாக விரும்பித்தானே கொடுக்கிறார்கள் என்பது கேள்வி.

முதலாளிக்கு இது தம் கடைவீதியின் யோக்கியதையைச் சந்தேகிப்பதாகப் பட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"விரும்புறதாவது, விரும்பாததாவது! மகமைங்க மாத்தயா. இந்தக் கடைவீதியில ஒருத்தன் தப்ப முடியாது. மகமை கட்டாத மூட்டைய ஒரு நாட்டாமி தொடமாட்டான். கட்டாதவன் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு நாங்க போகமாட்டோம்."

புடவைக்கடைக்காரர் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். "இந்தா இருக்காரே காப்பிக்கடைக்காரரு, ஒரு தடவ சீனிக்கு மகமை தரமாட்டேன்னாரு. மூட்டை மழையிலயே கெடந்துச்சு. எறும்பு பாதி தின்னுச்சு. அப்புறம் ஓடியாந்து கட்டினாரு."

"அது சீனி இல்லீங்க, வெல்லம். பெரிய மனுசங்க முன்னாடி பொய் சொல்லாதீங்க" என்றார் காப்பிக்கடைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "எங்கள் இலாகாவால்கூட வரியை இவ்வளவு ஒழுங்காக வசூலிக்க முடியாது" என்றார்.

இது வரி அல்ல, பழைய வழக்கம், கொடுப்பதில் அவர்களுக்குப் பெருமை உண்டு என்று நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார். அதற்குத்தான் முதலாளி ஏற்கனவே பதில் சொல்லியிருந்தார். கார் புறப்பட்டபோது முதலாளி என் தோளில் தட்டி, "நம்ம கட்டுப்பாட்டப் பாத்து ஆளு அசந்துபோயிட்டாரு தம்பி" என்றார்.

சில வாரங்களில் பதில் வந்தது. மனமுவந்து தரும் நன்கொடைக்கு ஈடாகத்தான் மானியம் தரமுடியும். கட்டாயமாக வசூலிக்கும் தீர்வைக்கு ஈடாகத் தர விதியில்லை. ஒவ்வொருவரும் தம் விருப்பத்தால் இவ்வளவு தருவதாகத் தனித்தனியே கையெழுத்திட்டு அனுப்பினால் மறுபடி ஆலோசிக்கப்படும். அதிகாரி எங்களுக்கு ஒரு வழியும் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட கடிதம் அது.

அன்று மாலை கடையில் கூடினார்கள். நான் படித்துப் பொருள் சொன்னேன். ஆளுக்கொரு கையெழுத்துத்தானே, போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் புடவைக்கடைக்காரர். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை:

"கையெழுத்துப் போடுறது பெரிசில்ல. 'என் இஷ்டப்படி குடுக்குறேன்'னு இன்னைக்கு எழுதுவீரு. நாளைக்கு ஏவாரம் படுத்துச்சுன்னா 'இஷ்டமில்ல'ன்னு அந்தக் கடுதாசியவே எடுத்துக் காட்டுவீரு. அப்ப கோயிலுக்கு எண்ணெய் யாரு ஊத்துறது? அநாதப் பொணத்த யாரு எடுக்குறது?"

"நான் மொதல்ல கையெழுத்துப் போடுறேங்க" என்றார் காப்பிக்கடைக்காரர்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி.

நர்ஸம்மாவுக்காக ஒரு தடவை மட்டும் எழுதலாம், மற்றதற்கு மகமை அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு மூட்டைக்கு விருப்பம், ஒரு மூட்டைக்குக் கட்டாயம் என்று எப்படிப் பிரிப்பது என்று முதலாளி கேட்டார். பிரிக்க முடியாதுதான். மகமை நிலைத்து நின்றது கட்டாயத்தினால் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். பக்கத்துக் கடைவீதி ஒன்றில் அது இஷ்டம்போல் ஆகி, இரண்டு வருடத்தில் அற்றுப்போனதை எல்லாரும் பார்த்திருந்தோம்.

இதற்கிடையில் கட்டடம் வளர்ந்தது. முதல் தவணை வந்தது. சுவர் ஆளுயரம் ஏறியதும் இரண்டாம் தவணை வந்தது. ஆற்று மணலை மேலே சுமக்க ஆள் எடுத்தார்கள். தண்ணீர் எடுக்கும் பெண் அதற்குப் போனாள். பின்னறை வேலைக்கு மகமையிலிருந்து கிடைத்தது மிகச் சொற்பம். மணல் கூலி கட்டட மானியத்தில் நாள் தவறாமல் கிடைத்தது. ஏழு மாத வயிற்றோடு தாச்சி என்ற இரும்புச் சட்டியைத் தலையில் வைத்து அவள் ஏறியதை நான் பலநாள் பார்த்தேன். நர்ஸம்மா பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"அவளுக்கு மண் சுமக்கக் காசு இருக்குது. அவளைப் பாக்கிற எனக்கில்லை. இது என்ன கணக்கு எண்டு ஆராவது சொல்லுங்கோ."

முதலாளி சொன்னார், பாதி வேடிக்கையாக: "நீங்களும் ஒரு தாச்சியத் தூக்கிக்கிட்டு ரெண்டு நட நடந்துட்டீங்கன்னா, அந்தக் கணக்குலயே சம்பளம் குடுத்துரலாம் நர்ஸம்மா."

"தாருங்கோ. தூக்கிறன். உங்கடை ஓவசியர் கூலிப் பட்டியலிலை என்ரை கையெழுத்தை ஏற்பாரோ எண்டு கேளுங்கோ."

முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தப் பெண்ணை மணல் வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார். நிறுத்திய மறுநாள் அவள் புருஷன் வந்து, வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படி காலில் விழுந்தான். திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்த தவணையில் ஒரு சிறு பகுதியை இரண்டு மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு நான் கட்டட இலாகாவுக்கு எழுதினேன். கட்டடத்தை அதனால் குறைக்கமாட்டோம், பிறகு மகமையிலிருந்து ஈடு செய்வோம் என்றும் எழுதினேன். முடியாது என்று பதில் வந்தது. இப்படி அனுமதித்த இடங்களில் பணம் சம்பளமாகக் கரைந்து சுவர்கள் பாதியில் நிற்கின்றன என்று காரணமும் காட்டியிருந்தார்கள். கினிகத்தேனைக்குப் போகும் வழியில் இடுப்புயரச் சுவரோடு புல் முளைத்து நிற்கும் ஒரு கட்டடத்தை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காரணத்தில் பொய் இல்லை.

நான் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களில் எதிலுமே பொய் இருக்கவில்லை. பொருள் கொடுத்தவர்கள் பொருள் கொடுத்தார்கள். கட்டடத்துக்குக் கொடுத்தவர்கள் கட்டடத்துக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ எப்போதோ ஏமாந்த ஒரு கதை இருந்தது. ஒரு மனுஷிக்கு மாதா மாதம் சோறு போடும் பணத்துக்கு மட்டும் விதிகளுக்குள் இடம் இருக்கவில்லை.

அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியபோது பொகவந்தலாவைப் பக்கம் மூன்று தோட்டங்கள் சேர்ந்து நர்ஸம்மாவை அழைத்தன. முழுச் சம்பளம், வீடு, விறகு. செக்ரோலில் உள்ளவர்களை மட்டும் பார்க்க வேண்டும், தோட்டத்தை விட்டு வெளியே போய்ப் பார்க்கக்கூடாது என்பது நிபந்தனை. அவர் ஒரு மாதம் தவணை கேட்டார். அவர்கள் தரவில்லை. வேறொருத்தி காத்திருக்கிறாள் என்றார்கள்.

புறப்படுவதற்கு முன் அந்தப் பெண்ணைப் பின்னறைப் பாயில் படுக்க வைத்து நெடுநேரம் எண்ணெய் போட்டுத் தடவினார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே அவள் புருஷனிடம் சொன்னார்:

"திருப்பி விட்டிருக்கிறன். ஆனால் இது திரும்பவும் குறுக்கை போகும். பாக்க ஆளில்லை. அதாலை நோவுக்குக் காத்திருக்க வேண்டாம். மாசம் நிறைஞ்ச உடனை டிக்கோயா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுத்து. விளங்குதே?"

"வெளங்குதுங்கம்மா."

அவள் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எத்தன நாளுக்கு முன்னாடி போகணுங்கம்மா? படுத்துக் கெடந்தா மண்ணுக் கூலி போயிருமே."

"போகட்டும்" என்றார் நர்ஸம்மா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

புருஷனும் பெண்டாட்டியும் நோவுக்குக் காத்திருக்க நினைக்கவில்லை. மாதம் நிறைய ஒரு வாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூரைக்குத் தகரம் ஏற்றிய நாளன்று, காலை பத்து மணிக்குமேல், அவள் மணல் மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்த பெண்கள் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தார்கள். ஒருத்தி கையைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். குழந்தையின் கை. புருஷன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

முதலாளி முதலில் ஆளனுப்பியது பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சருக்கு. அவர் செக்ரோல் விதியைச் சொல்லவில்லை. வந்தார், பார்த்தார், இது தம்மால் ஆகாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். கடைவீதியில் அன்று கார் இல்லை. பஸ் பகல் பன்னிரண்டரைக்கு. அட்டன் பஸ்ஸின் பின் ஆசனத்தைக் காலி செய்து அவளைப் படுக்க வைத்தார்கள். நான் குடை பிடித்தேன். கண்ணைத் திறந்திருந்தாள். புருஷன் காலடியில் உட்கார்ந்தான். மணல் சுமந்த பெண்கள் இருவர் கூட ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் டிக்கட்டுக்குக் காசு வாங்கவில்லை.

அதே பஸ் மாலையில் திரும்பி வந்தது. கண்டக்டர் நேராக அரிசிக்கடைக்கு வந்தான்.

"டிக்கோயா போய்ச் சேரலீங்க மொதலாளி. வளைவுலயே அந்தப் பொண்ணு சத்தம் நின்னுருச்சு. ஆஸ்பத்திரியில எறக்கித்தான் பாத்தாங்க. ரெண்டு உசுரும் இல்லன்னுட்டாங்க."

முதலாளி கல்லாப்பெட்டியை மூடினார். திறந்திருந்த கடைகளும் ஒவ்வொன்றாகக் கதவு சாத்தின.

மறுநாள் அடக்கம் செய்தார்கள். அவள் புருஷன் அதற்குப் பிறகு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து கடை வாசலில் நின்று, கல் வேண்டும் என்று கேட்டான். வயிற்றில் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கி நடுவது அவர்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். கட்டட வளவில் வாசற்படிக்காகக் கொத்தி வைத்த கருங்கற்கள் கிடந்தன. அதில் மூன்று போதும் என்றான்.

ஓவசியர் அங்கே நின்றிருந்தார். அவை அளந்து எழுதப்பட்ட கற்கள், மானியத்தில் வந்தவை, வேறெதற்கும் எடுக்க முடியாது என்றார். அவர் சொன்னது விதி. யாரும் சண்டை போடவில்லை. முதலாளி கல் உடைக்கும் இடத்துக்கு ஆளனுப்பி வேறு மூன்று கல் கொத்தச் சொன்னார். கடைவீதி முடிந்து ரோடு மேட்டில் ஏறும் இடத்தில், தமது நிலத்தின் ஓரத்தில் நட இடம் கொடுத்தார்.

கல்லின் விலையும் கொத்தன் கூலியும் மகமையிலிருந்து கொடுக்கப்பட்டன.